மாப்பிள்ளையின் இடது கால்

“படிச்ச கையில பிரஷ்ஷு நிக்காதுடி. பேனா மாதிரி அழுத்துவ. ரெண்டே நாள்ல முடி பிரிஞ்சிக்கினு தொடப்பமாயிடும்.”

வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அக்கா என்னிடம் சொன்ன முதல் பேச்சு இதுதான். கையில் இருந்த பிரஷ்ஷைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை திருப்பி என் தோளில் தொங்கிய கல்லூரிப் பையைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் நெல்மூட்டை தூக்குகிறார். அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறாள். இருவருக்கும் இன்றுவரை கைநாட்டுதான். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு நிற்கும் என்னிடம், பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய ஒருத்தி, படிப்பே ஒரு குறை என்பதுபோலப் பேசினால் எப்படி இருக்கும்? பார்க்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பட்டறை திண்டிவனத்தில், புதுச்சேரி சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. பட்டறை என்றால் மூன்று மேசை, ஒரு காற்றுக் கம்ப்ரஸர், ஜன்னலில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், அவ்வளவுதான். மேசைமேல் போர் விளையாடுகிறவர்கள் வெளிநாடுகளில் நிறையப் பேர் உண்டு. எல்லாரும் வளர்ந்த ஆட்கள். கட்டைவிரல் உயரச் சிப்பாய்களையும் வண்டிகளையும் பெரிய மேசையில் பரப்பி, பகடை உருட்டி, அளவு நாடா வைத்து அளந்து நகர்த்தி, நாள் முழுக்க ஆடுவார்கள். அந்த உருவங்கள் ரெசின் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. வாங்கும்போது சாம்பல் நிறத்தில், துண்டு துண்டாக இருக்கும். ஒட்டி வண்ணம் தீட்ட நேரமோ பொறுமையோ இல்லாதவர்கள் எங்களுக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் முடித்துத் திருப்பி அனுப்புகிறோம். முதலாளி சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டைப் பழகிக்கொண்டு வந்தவர். ஒட்டுவது அவர், வண்ணம் அக்காவும் நானும். வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்தில் மெயில் போக்குவரத்து என் பொறுப்பு.

எங்கள் தெருவில் யாராவது கேட்டால் அம்மா “கம்பெனியில இருக்குது” என்று முடித்துக்கொள்வாள். சித்திதான் விடமாட்டாள். “பொம்மைக்குப் பவுடர் போடுதாம். அதுக்கு காலேஜு” என்பாள். நான் காது கேட்காதவள்போல நடப்பேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது, எங்கள் தெருவிலேயே வெளிநாட்டுக்காரனுக்கு நேரடியாக மெயில் எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு கூடவே ஏறும்.

அக்கா கிளியனூர்ப் பக்கம். சொந்த நிலம் உண்டு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுவார்கள். இங்கே வருவதற்கு முன் பிள்ளையார் சதுர்த்திக் காலங்களில் காகிதக்கூழ்ச் சிலைகளுக்கு வண்ணம் அடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஆளுயரத் தும்பிக்கைக்கு அடித்துப் பழகிய கை, கடுகளவு கண்ணுக்கு எப்படி அடங்கியது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அவள் மூச்சைப் பிடிக்கமாட்டாள். மேசையில் முழங்கையை ஊன்றமாட்டாள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே கோடு இழுப்பாள். நானோ எத்தனையோ வீடியோ பார்த்து, குறிப்பெடுத்து, எந்த நிறத்தில் எத்தனை சொட்டு என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்குவேன். பிரஷ் தொடப்பமாகவில்லை. மூன்று மாதத்தில் என் வேலையும் நன்றாகத்தான் வந்தது. “பரவால்லியே காலேஜு” என்று அக்கா ஒருநாள் சொன்னாள். அதிலிருந்து என் பெயர் காலேஜு.

பட்டறைச் சுவரில் ஒரு விதி ஒட்டியிருக்கும்: ‘ஒரு பொம்மைக்கு ஒரு கை.’ எழுதியது நான். ஒருமுறை ஒரு வண்டியை அவளும் நானும் பாதிப் பாதி செய்தோம். எந்தப் பாதி யாருடையது என்று வாடிக்கையாளர் போட்டோவில் கோடு போட்டே காட்டிவிட்டார். அதற்குப் பிறகு முதலாளியிடம் பேசி இந்த முறையைக் கொண்டுவந்தேன். தொடங்கியவரே முடிக்க வேண்டும். வேலை பாதியில் கை மாறினால், பழைய வண்ணத்தை முழுக்க எடுத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எடுப்பது எளிது. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ரெசினுக்கு ஒன்றும் ஆகாது.

கடந்த புரட்டாசியில் அந்தப் பெரிய பெட்டி வந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் கைகள், கால்கள், பீரங்கிகள், தோளில் வைக்க ஒரு கோட்டை, சின்னச் சின்னப் படிக்கட்டுகள்.

“இது யாருடி, கையி வேற காலு வேற கெடக்குது?” என்றாள் அக்கா.

“போர் எந்திரம்க்கா. மனுஷன் மாதிரி ரெண்டு கால்ல நடக்கும். உள்ள ஆளுங்க உக்காந்து ஓட்டுவாங்களாம். நெஜத்துல நூறடி உயரம்னு கணக்கு.”

“நெஜத்துலன்னா எங்க?”

“எங்கயும் இல்லக்கா. அவங்க விளையாட்டுக் கதையில.”

“இங்க?”

“ஒட்டி நிறுத்தினா ஒன்றரை அடி.”

அக்கா ஒரு காலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்க வூட்ல எனக்குப் பாத்துக்கினு இருக்காங்களே, அந்த மாப்ளைங்க மாதிரியே இருக்குது. புரோக்கர் வாயில நூறடி. வந்து நின்னா ஒன்றரை அடி.”

முதலாளியே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அது மாப்ள. ரெசின் துண்டுகள் வழியில் வளைந்து வரும். வெந்நீரில் போட்டு நிமிர்த்த வேண்டும். “மாப்ளைக்கு நலங்கு வைக்கணும், ஜல்தியா வெந்நி போடுடி” என்பாள். சோப்புத் தண்ணீரில் கழுவும்போது, “முதுகு தேச்சி வுடு, கூச்சப்படாத.” கால்களை இடுப்போடு பொருத்தப் பித்தளைக் கம்பி செருகியபோது, “முட்டி வலின்னு பொண்ணு வூட்ல சொல்லிடாதீங்க சார்.” இருபத்தெட்டு வயதில் இன்னும் அமையவில்லை என்று ஊரில் அவள் காதுபடப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் அவள் இப்படித்தான் கரைத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வெறுமனே சிரித்தேன்.

வாடிக்கையாளருக்குப் புது எந்திரம் வேண்டாம். எத்தனையோ போர்களில் மழையில் நின்று துருப்பிடித்த எந்திரம் வேண்டும். பெரிய வேலை. அது எனக்கு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். முதலாளி அக்காவிடம் கொடுத்தார். அவள் இடது காலில் தொடங்கினாள். ஒன்பது நாள் அந்த ஒரு காலிலேயே இருந்தாள்.

“துருவ பூசக்கூடாதுடி. துரு ஒழுகும்” என்றாள், நான் எட்டிப் பார்த்தபோது. “மழத்தண்ணி எங்க போயி நிக்கும்னு மொதல்ல பாக்கணும். எங்க மோட்டார் ரூம் தகரக் கதவு கணக்கா.”

வீட்டு நிலத்துச் செம்மண்ணை உலர்த்திப் பழைய பருத்திப் புடவையில் சலித்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். மாவைவிட மெல்லிய பொடி. அதைத்தான் திருகாணிகளின் அடியிலும், முழங்கால் மடிப்பிலும், பாதத்தின் ஓரத்திலும் படியவைத்து, நிறமில்லாத பூச்சால் பிடிக்கச் செய்தாள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, அதன் முனையால் பெயர்ந்துபோன வண்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். முடிந்தபோது அந்தக் கால் மட்டும் நிஜமாகவே நூறடி எந்திரத்திலிருந்து கழற்றி எடுத்துவந்ததுபோல இருந்தது. அடிபட்டு, மழையில் நனைந்து, யாரும் கவனிக்காமல் நின்ற இரும்பு. நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. “கொஞ்சம் சிவப்பு அதிகமோ” என்றேன்.

“எங்க மண்ணு அப்படி” என்றாள் அவள்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஒரு திங்கட்கிழமை போன் செய்தாள். “காச்சலடி. ஒரே பேஜாரா இருக்குது. சார் கிட்ட லீவு சொல்லிடு. மாப்ளைய தொடாத. நான் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கட்டும்.” புதன்கிழமை திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை அவள் இல்லை.

முதலாளியும் நானும் போனோம். மழைக்கு வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். அவளுடைய அம்மாவை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் வலது கை விரல் இடுக்கில் பழுப்பு வண்ணம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. குளிப்பாட்டியும் போகாத வண்ணம். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். அழுதேனா என்று கேட்டால், பஸ்ஸில் அழுதேன்.

மாப்ளையை முடிக்க வேண்டியவள் இப்போது நான். முதலாளி சொன்னார்: “அந்தக் காலு அப்படியே இருக்கட்டும்மா. மீதிய நீ பண்ணு. கஸ்டமர் கிட்ட விஷயத்த சொல்லிக்கலாம், புரிஞ்சிக்குவாரு.”

சரி என்றேன். வலது காலில் தொடங்கினேன். ஊறுகாய் பாட்டிலில் மண் மீதி இருந்தது. அதே மண், அதே ஸ்பாஞ்சு, அதே பூச்சு. இடது காலைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டேன். முதல் நாள் செய்தது அழுக்காக இருந்தது. இரண்டாம் நாள் செய்தது, துருப்பிடித்த இரும்பாக இல்லை. துரு நிறம் பூசிய பொம்மையாக இருந்தது. மூன்றாம் நாள், அவள் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து அதே இடத்தில் வைத்தேன். அப்போதும் வரவில்லை. நான்காம் நாள் மாலை இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பள்ளிக்கூடமே போகாதவருக்குக்கூடத் தெரியும், எது வேலை, எது நகல் என்று.

ஐந்தாம் நாள் காலையில் முதலாளியிடம் போய், “ரெண்டு கை தெரியுது சார். பழச எடுத்துட்டு முழுசா நானே பண்ணிடறேன்” என்றேன். சுவரில் ஒட்டியிருந்ததைக் கையால் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “உன் இஷ்டம்மா” என்று ஏர்பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

டப்பில் ஸ்பிரிட் ஊற்றி இடது காலை அமிழ்த்தினேன். சற்று நேரத்தில் ஸ்பிரிட் வெளுத்த தேநீர்போல நிறம் மாறியது. பிறகு அடியில் செம்மண் இறங்கத் தொடங்கியது. பிரஷ்ஷால் தேய்த்தேன். பாதம் முதலில் வெளுத்தது. முழங்கால் மடிப்பில் இருந்தது மட்டும் வரவில்லை. அவள் அங்கே மூன்று நான்கு அடுக்கு வைத்திருந்தாள். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். குழாயடியில் பிடித்தேன். மண் தண்ணீரோடு சேர்ந்து சிங்க்கின் துளைக்குள் போயிற்று. கையில் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு ரெசின் துண்டு.

அப்போது எனக்கு வருத்தம் இருக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.

மாப்ள பதினைந்து நாளில் முடிந்தான். இரண்டு காலும் ஒரேமாதிரி. ஒரு கை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அனுப்புவதற்குப் பெட்டி செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நாட்களில் ஒருநாள், முதலாளி சென்னை போயிருந்தபோது, அக்காவின் அம்மா மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

“நீதான் காலேஜா?”

“ஆமாம்மா. வாங்க, உக்காருங்க.”

“கருமாதி எல்லாம் முடிஞ்சிது. அவ சாமான் ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்.” பையை என்னிடம் நீட்டினார். “அவிச்ச மல்லாட்டை. நீ தின்னுவியாமே, அவதான் சொல்லுவா. எப்பப் பாத்தாலும் உன் பேச்சுதான். காலேஜு இன்னிக்கி இத படிச்சி காமிச்சிது, காலேஜு அத சொல்லிச்சின்னு. எங்க கிட்டகூட இம்மாம் பேச மாட்டா.”

டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, வேலை செய்யும்போது மேலே போட்டுக்கொள்ளும் அவளுடைய அப்பாவின் பழைய சட்டை. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். சட்டையை முகர்ந்து பார்த்தார். தின்னர் வாசனைதான் இருந்திருக்கும். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கிளம்புவதுபோல எழுந்து, நின்றார்.

“அந்த மாப்ள இருக்காரா?”

அடுத்த அறைக்குக் கூட்டிப்போனேன். சுழலும் தட்டின்மேல் அது நின்றது. விளக்கைப் போட்டேன்.

“யப்பா” என்றார் மெதுவாக. “சாமி வாகனம் கணக்கா இருக்குது. எதுக்கு இத்தினி துப்பாக்கி?”

“சண்டைக்கும்மா.”

“யார் கூட?”

“மேசை மேல வச்சி ஆடுற சண்டை. நெஜம் இல்ல.”

“அதானே.” சுற்றி வந்து பார்த்தார். ஒரு தாய் பார்க்கும் பார்வை, ஒவ்வொரு திருகாணியிலும் நின்று நின்று போயிற்று. “நெலத்துல மண்ண சலிச்சிக்கினு இருந்தா. என்னாத்துக்குடின்னு கேட்டேன். மாப்ள காலுக்குன்னா. சிரிச்சிக்கினோம். அவ பண்ணிக் குடுத்த எதையும் நான் பாத்ததே இல்லம்மா. எல்லாம் கப்பல் ஏறிடுது. பிள்ளையாரு செஞ்சப்பவும் அப்படித்தான், கரைக்கிறதுக்குன்னு போயிடும். எம் பொண்ணு கை வேலன்னு ஒண்ணாச்சும் கண்ணால பாத்துக்கினு போலாம்னுதான் வந்தேன். இதுல அவ பண்ணது எது?”

உண்மையைச் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. நான் “இடது காலும்மா” என்றேன்.

புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். “தொடலாமா?”

முடிந்த பொம்மையை யாரையும் நாங்கள் தொடவிடுவதில்லை. தலையாட்டினேன். ஒரு விரலை முழங்காலில் வைத்து, மெல்லப் பாதம்வரை இறக்கினார். அங்கே நிறுத்திக்கொண்டு, “பாரேன்” என்றார். “எங்க மோட்டார் ரூம் கதவு. அப்படியே இருக்குது.”

அது வீடியோ பார்த்து நான் அடித்த துரு.

“ஒரு போட்டோ புடிச்சி குடும்மா. முழுசும் வேணாம். இந்தக் காலு மட்டும்.” பெரிய விளக்குகளைப் போட்டு, நல்ல கேமராவில் எடுத்து, அவருடைய மகனின் எண்ணுக்கு அனுப்பினேன். போகும்போது என் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டார். மல்லாட்டைப் பையைப் பிரிக்க முடியாமல் மேசையடியில் வைத்தேன். இரண்டு நாளில் ஊசிப்போய்விட்டது.

மாப்ள கப்பல் ஏறினான். வாடிக்கையாளர் நன்றி சொல்லி நான்கு வரி எழுதினார். அதோடு போய்விடும் என்று நினைத்தேன். தை மாதத்தில் அந்த அம்மா போன் செய்தார்.

“போட்டோவ பெருசு பண்ணி கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோம்மா. அவ போட்டோ பக்கத்துலயே. வர்றவங்கல்லாம் இன்னாது இதுன்னு கேக்குறாங்க. எம் பொண்ணு கை வேல, வெளிநாட்டுக்குப் போயிருக்குதுன்னு சொல்றேன். பொண்ணு பாத்துட்டு வாணாம்னு போனாங்களே ஒரு வூட்டுக்காரங்க, அவங்களையும் கூட்டியாந்து காமிச்சேன். நீயும் ஒரு நாளைக்கி வந்து பாத்துட்டு போயேன்.”

வர்றேன்மா என்றேன். அடுத்த வாரமும் அழைத்தார். வேலை இருக்குதும்மா என்றேன். மூன்றாவது முறை போனை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிரஷ் பிடித்தால் கோடு நேராக வரவில்லை. மற்றவர் சாமானைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறவர்களைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் என் வேலைக்கு அவள் பெயரைப் போட்டு, அவளுடையதைச் சாக்கடையில் விட்டிருந்தேன். நான் அடித்த துருவுக்கு அங்கே ஒரு வீட்டில் பூ வைக்கிறார்கள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். திண்டிவனத்தில் பஸ் மாறி, கிளியனூரில் இறங்கி நடந்தேன். வாசலில் பிடுங்கிய மல்லாட்டைச் செடிகள் குவிந்து கிடந்தன. அந்த அம்மா செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த மண்ணை உதறிக்கொண்டு எழுந்தார். “வா வா. கேட்டதும் வந்துடுவன்னு பாத்தா, இப்பதான் வழி தெரிஞ்சிதா? சோறு ஆக்கி வச்சிருக்கேன், சாப்ட்டுதான் போவணும்.”

உள்ளே சுவரில் இரண்டு படங்கள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அதே அளவில் ஓர் இரும்புக் கால். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சரம் பூ.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. “அம்மா, அந்தக் காலு அக்கா அடிச்சது இல்ல. நான் அடிச்சது. அக்கா அடிச்சத நான் அழிச்சிட்டேன்” என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். ஸ்பிரிட், பிரஷ், குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “எதுக்கும்மா அழிச்ச?” என்றார். கோபமாக அல்ல. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

சுவரில் ஒட்டிய விதி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். “அக்கா மாதிரி எனக்கு வரலம்மா. பக்கத்துல வச்சா தெரிஞ்சிடும்னுதான்.”

அவர் எழுந்துபோய்ப் பூச்சரத்தை எடுத்தார். இரண்டாக மடித்து அக்காவின் படத்துக்கு மட்டும் போட்டார். காலின் படத்தைக் கழற்றவில்லை. அப்படியே விட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்:

“அப்ப அவ கை பட்டதுன்னு இந்த உலகத்துல எதுவுமே இல்லியா?”

“இருக்குதும்மா. எல்லாம் வெளிநாட்டுல.”

“எங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

இலை போட்டார். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார். இரண்டாம் முறை சோறு வேண்டுமா என்று கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்து கைகழுவியபோது அவர் மறுபடி வாசலில் காய் ஆய உட்கார்ந்துவிட்டார். போய்ட்டு வர்றேன்மா என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனதும் பழைய மெயில்களைத் தோண்டினேன். அக்கா முடித்தவை இருபத்து மூன்று. எது எந்த ஊருக்குப் போயிற்று என்பதெல்லாம் என் ஆங்கிலத்தில், என் பெயரோடு இருந்தது. எல்லாவற்றிலும் ‘நாங்கள் செய்தோம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். ஓரிடத்திலும் அவள் இல்லை.

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருடைய மெயில் முன்னால் வந்தது. உடைந்துகிடக்கும் பீரங்கி வண்டி ஒன்றை அக்கா அவருக்குச் செய்துகொடுத்திருந்தாள். தன் தந்தை கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தார் என்றும், சின்ன வயதில் அங்கே பார்த்த துருவை இத்தனை வருடம் கழித்து இந்த வண்டியில் பார்த்ததாகவும், இதை விளையாட எடுக்காமல் அலமாரியில் வைத்திருப்பதாகவும், செய்த கைக்குத் தன் வணக்கத்தைச் சொல்லும்படியும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அது வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாள், “இன்னாடி சொல்றான்?”

“நல்லா இருக்காம்க்கா.”

“அவ்ளோதானா? இம்மாம் நீட்டு எழுதியிருக்கான்?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான்க்கா நீட்டுவாங்க.”

அவள் நம்பினாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அக்கா செய்ததில் ஒன்றையாவது திருப்பிக் கேட்டு எழுதட்டுமா என்றேன். “எழுது” என்றார்.

ஸ்காட்லாந்துக்காரருக்கு முதலில் எழுதினேன். அந்த வண்டியைச் செய்தது நான் அல்ல என்று தொடங்கினேன். செய்தவளுடைய பெயர், ஊர், வயது மூன்றையும் எழுதினேன். அவள் இறந்துவிட்டாள் என்பதையும், அவள் கடைசியாகச் செய்ததை நான் அழித்துவிட்டேன் என்பதையும் எழுதினேன். அவளுடைய அம்மா மகளின் கைவேலை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அந்த வண்டியைத் திருப்பித் தர முடியுமா, முடியாவிட்டால் அந்த அம்மா பார்த்துவிட்டுத் தரக் கொஞ்ச காலத்துக்காவது அனுப்ப முடியுமா என்று கேட்டேன். நீங்கள் அன்று எழுதியதை அவளிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை என்பதையும் கடைசியில் சேர்த்தேன். படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இருந்தது, திருத்தினேன். அனுப்பினேன். பிறகு இரண்டாவது முகவரியை எடுத்து, அவளுடைய பெயரிலிருந்து தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் இருபத்து மூன்று மெயிலும் போய்விட்டன.